மகனைச் சோதிக்கக் கையெழுத்துப் போட்டேன். அதைத் திரும்பப் பெற முடியுமா?

வாசகர் கடிதம்:

அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். நான் பட்டணத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன். மகனுக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வாசிப்பு வரவில்லை என்று பள்ளியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சில மாதங்களுக்கு முன் மலாயில் ஒரு பாரம் (படிவம்) வந்தது. "எல்லாப் பெற்றோரும் போட்டுவிட்டார்கள், நீங்களும் போடுங்கள்" என்றார்கள், போட்டேன். பிறகு ஒரு தனியார் மையத்திலிருந்து ஒருவர் வந்து மகனைச் சோதித்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது; பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாராம். இப்போது "அறிவுத்திறன் 66" என்று ஒரு பக்கத் தாளைக் கொடுத்து, சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்ற வேண்டும், ஓகேயூ என்ற மாற்றுத்திறனாளி அட்டைக்கு மனுச் செய்ய வேண்டும் என்கிறார்கள். முழு அறிக்கையைக் கேட்டால் அது பள்ளிக்கு உரியது என்கிறார்கள். இதற்கிடையில், கணவரின் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அழுது சொன்னேன். அடுத்த வாரமே கோயில் திருவிழாக் கூட்டத்தில் இன்னொரு பெண் அதைப் பற்றி என்னிடமே விசாரித்தாள். மகன், "அம்மா, நான் போடோவா (முட்டாளா)?" என்று கேட்கிறான். போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா? பள்ளிக்கூடத்தைப் பகைத்துக்கொள்ளாதே என்று என் மூத்தார் சொல்கிறார். கொடுத்த தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

திரும்பப் பெறலாம். உங்கள் கேள்விக்கு நேரான விடை அதுதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால், நடந்து முடிந்த சோதனையை நடக்காததாக ஆக்க எந்தக் கடிதத்தாலும் இயலாது. இனி நடக்கவிருப்பதை நிறுத்தவும், எழுதப்பட்டது யார் கைக்குப் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தவும், தவறாக எழுதப்பட்டதைத் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு இடமுண்டு. அவற்றை எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால், அந்தக் கையெழுத்தைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் உங்கள் கடிதம் முழுவதும் "நான்தானே போட்டேன்" என்ற குற்ற உணர்வு ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் உளவியல் ஆலோசனைத் தொழிலில் சம்மதம் என்று நாங்கள் கூறுவது தாளில் இருக்கும் மையை அன்று. பிள்ளைக்கு என்ன சோதனை செய்யப் போகிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள், செய்பவர் யார், அவருக்கு அதற்குரிய தகுதி என்ன, முடிவை யார் யார் பார்ப்பார்கள், அந்த முடிவினால் பிள்ளையின் படிப்பில் என்ன மாறக்கூடும், செய்யாமல் விட்டால் என்ன ஆகும், வேண்டாமென்று சொன்னால் பள்ளியில் பிள்ளைக்கு ஏதும் குறைவு வருமா — இத்தனையும் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டு, கேள்வி கேட்க நேரம் கொடுக்கப்பட்டு, அதன்பின் நீங்களாக "சரி" என்று சொல்வதற்குப் பெயர்தான் சம்மதம். கையெழுத்து அந்தப் பேச்சு நடந்ததற்கு ஒரு சாட்சி மட்டுமே. பேச்சே நடக்காதபோது சாட்சிக்கு என்ன மதிப்பு? "எல்லாரும் போட்டுவிட்டார்கள்" என்ற சொல் வேறு, உங்களுக்குரிய தேர்வையே உங்களிடமிருந்து எடுத்துவிட்டது. அந்த மாதிரிச் சூழலில் வாங்கிய கையெழுத்தை ஒழுங்காகப் பயிற்சி பெற்ற எவரும் சம்மதமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தோட்டப்புறத்தில் இந்தப் பழக்கம் நேற்று வந்ததன்று. வாசிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்டாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனாவை நீட்டினால் இந்தப் பக்கம் இருப்பவர் போட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் தோட்டக் கிராணியின் (கணக்கரின்) அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நம்மோடு வந்திருக்கிறது. நான் இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், பேரனை அழைத்து வந்திருந்த ஒரு பாட்டியிடம் மூன்று பக்கப் பாரத்தைத் திருப்பித் திருப்பி, "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்று விரல் வைத்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். வெளியே வரிசை நீண்டிருந்தது. எல்லாம் முடிந்து எழும்போது அவர், "மாத்திரை எப்போம்மா குடுப்பீங்க?" என்று கேட்டார். பேரனுக்குக் காய்ச்சல் பார்க்கிறோம் என்று நினைத்துத்தான் அந்தப் பாட்டி மூன்று இடத்திலும் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதியிருந்தார். அன்றைய பாரம் சட்டப்படி முழுமையாக இருந்தது. சம்மதம் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதற்குப் பிறகு நான் பாரத்தை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்டு முதலில் பேசுகிறேன். கடைசியில், "நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். அவர்கள் சொன்ன பிறகுதான் பேனா.

இனி அந்த 66-க்கு வருகிறேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. பார்க்காத பிள்ளைக்குக் குறைபாடு உண்டென்றோ இல்லையென்றோ சொல்வது, நான் இங்கே குறை கூறுகிற அதே தவற்றை நானும் செய்வதாகும். ஆனால் சோதனை நடத்தப்பட்ட முறையைப் பற்றிப் பேசலாம். நீங்கள் எழுதியபடியே அது நடந்திருந்தால், அந்த எண்ணை வைத்துப் பிள்ளையின் வகுப்பை முடிவு செய்யக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அறிவுத்திறன் சோதனைகளில் பெரும்பாலானவை ஒரு வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளை அதிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று காட்டுபவை. நூற்றுக்கு இத்தனை என்று தேர்வில் வாங்கும் புள்ளியைப் போன்றதன்று அது. எந்த எண்ணுக்கும் இரு பக்கமும் ஏறக்குறைய ஐந்து புள்ளி தள்ளாட்டம் உண்டு. ஆகவே 66 என்றால் 61-க்கும் 71-க்கும் இடையில் எங்கோ என்றுதான் நேர்மையான அறிக்கை எழுதும். எழுபதை ஒட்டிய எண் அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை நினைவூட்டும் என்பது உண்மையே. ஆனால் எண்ணை மட்டும் வைத்து அந்தப் பெயரைச் சூட்ட எந்த நோயறி முறையும் இடம் தருவதில்லை. பிள்ளை தானாகக் குளித்து உடுத்துகிறானா, கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா, மற்றப் பிள்ளைகளோடு விளையாட்டு விதிகளைப் புரிந்து விளையாடுகிறானா என்பன போன்ற அன்றாட வாழ்க்கைத் திறன்களையும் அளந்தாக வேண்டும். அதற்குப் பெற்றோரைத்தான் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். உங்களை யாராவது கேட்டார்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

அதற்கு மேல் மொழி. இந்தச் சோதனைகளில் ஒரு பகுதி சொற்களின் பொருளையும், சொற்களால் காரணம் சொல்லும் திறனையும் அளக்கிறது. வீட்டிலும் பள்ளியிலும் தமிழே பேசி வளர்ந்த ஒன்பது வயதுப் பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால், அளக்கப்படுவது அவனுக்கு அந்த மொழி எவ்வளவு தெரியும் என்பதே. இதற்காக வேறொரு நாட்டில் பெற்றோர் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்பானிய மொழி பேசும் பண்ணைத் தொழிலாளர் வட்டாரத்துப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மந்தபுத்தியுள்ளவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். ஒன்பது பிள்ளைகளுக்காக "டயானா" என்ற பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. அவர்களைத் தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கே உரியவரல்லர் என்று தெரிந்தது. 1970-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிள்ளைகளை அவர்கள் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. அந்தத் தீர்வு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பண்ணையில் வேலை செய்யும் தாய்தந்தையர், வேறு மொழி பேசும் சோதனையாளர், தனி வகுப்பு என்ற அந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள்தாம் கண்முன் வந்தன.

சிற்றுண்டிச்சாலை அக்காவைப் பற்றி ஒன்றும் தவறாகச் சொல்ல மாட்டேன், கூப்பிட்டார்கள், வந்தார். ஆனால் சோதனைக் கேள்வியை ஒரே ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் கேள்வி எளிதாகிவிடும், ஒரு சொல் குறைத்தால் கடினமாகிவிடும். "யோசிச்சுச் சொல்லுடா கண்ணு" என்று அன்பாகச் சொன்னாலே நேரக் கணக்கு குழம்பிவிடும். எந்த மொழியில், எந்தச் சொற்களில் கேட்டு அந்தச் சோதனையின் அளவுகோல் உருவாக்கப்பட்டதோ அதிலிருந்து விலகினால் கிடைக்கும் எண்ணை அந்த அளவுகோலில் வைத்துப் படிக்க முடியாது. இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று: நாளைக்குப் பிள்ளை பலகாரம் வாங்கப் போகும்போது, அவன் எந்தக் கேள்விக்கு விழித்தான் என்று தெரிந்தவர் காசு வாங்கும் இடத்தில் நிற்பார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பயிற்சி பெற்றவராகவும், அந்தக் குடும்பத்தோடு அன்றாடப் புழக்கம் இல்லாதவராகவும், இரகசியம் காக்க ஒப்புக்கொண்டவராகவும் இருக்க வேண்டும். அவரை அழைப்பதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும்.

(சில வாசகர்கள் அந்தச் சோதனைக் கேள்விகளில் ஒன்றிரண்டை இங்கே எழுதினால் பிள்ளைகளைப் பழக்கலாமே என்று முன்பு கேட்டிருக்கிறார்கள். எழுத மாட்டேன். கேள்விகள் வெளியே பரவினால் அவை எதையும் அளக்கா. அவற்றைக் காப்பதும் எங்கள் தொழிலறத்தில் சேர்ந்தது.)

வாசிப்பு வரவில்லை என்பதற்கு அறிவுத்திறன் குறைவுதான் காரணம் என்று நேராக முடிவுக்குப் போவதும் சரியன்று. கண் பார்வை, காது இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளை மக்குப் பிள்ளையாகவே ஆண்டுக்கணக்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு நல்ல அறிவுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கும் வரும். அதற்கான கற்பித்தல் முறையே வேறு. இரவில் வீட்டில் சத்தமும் சண்டையும் நடந்து தூக்கம் கெடுகிற பிள்ளை பகலில் எழுத்துகளைத் தவறவிடுவான். உங்கள் வீட்டு நிலையை நீங்களே எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். பழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோதித்தவர் யார் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, ஆலோசகராகத் தொழில் செய்பவர் லெம்பாகா கவுன்செலோர் என்ற வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அவருக்குப் பதிவு எண்ணும், காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படும் தொழிற்சான்றிதழும் இருக்கும். மருத்துவ உளவியலாளர்கள் 2016-ஆம் ஆண்டு சுகாதாரத் துணைத்தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அறிவுவளர்ச்சிக் குறைபாடு என்ற பெயரைச் சூட்டுவது மருத்துவ உளவியலாளரும் குழந்தை மருத்துவரும் அல்லது மனநல மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒருநாள் வந்து போகிறவர் ஒரு பக்கத் தாளில் செய்வதன்று. நீங்கள் அனுப்பிய நகலில் முத்திரை இருக்கிறது, பெயரும் இருக்கிறது, பதிவு எண் இல்லை. எண்ணைக் கேளுங்கள். பதிவுள்ளவர் சொல்லத் தயங்க மாட்டார்.

முழு அறிக்கை பள்ளிக்கு உரியது என்று சொல்லியிருப்பதைப் பற்றி. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் உடல்நலம், மனநலம் பற்றிய தகவலை நுண்ணிய தரவாக வகைப்படுத்தி, அதைக் கையாள வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்கிறது. இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அதனால் அரசாங்கப் பள்ளியிடம் இதைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. தனியார் மையத்தை அது கட்டுப்படுத்தும். ஆகவே பிள்ளையின் பெற்றோர் என்ற முறையில் மையத்திடமே எழுத்து மூலம் கேளுங்கள்: என் மகனைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தகவல் என்ன, அதை யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள், அதன் நகலைத் தாருங்கள் என்று. இருபத்தொரு நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு சிறு கட்டணம் கேட்கலாம். சோதனைத் தாள்களின் கேள்விப் பகுதியைத் தர மறுத்தால் அது நியாயம். அறிக்கையைத் தர மறுத்தால் நியாயமன்று. அறிக்கை கைக்கு வந்ததும், தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து அதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். சோதித்துவிட்டு விளக்காமல் போவதும் தொழிலறத்துக்கு முரணானதே.

பள்ளிக்குத் தனியாக ஒரு கடிதம். அது சண்டைக் கடிதமாக இருக்க வேண்டியதில்லை. இன்ன தேதியில் நான் இட்ட கையெழுத்தின் பொருள் எனக்கு விளக்கப்படவில்லை; ஆகவே இனிமேல் எந்தச் சோதனைக்கும், இந்த அறிக்கையை வேறு யாருக்கும் அனுப்புவதற்கும் நான் கொடுத்ததாகக் கருதப்படும் சம்மதத்தை மீட்டுக்கொள்கிறேன்; மகனை அரசாங்க மருத்துவமனையில் முறையாகப் பரிசோதிக்க ஏற்பாடு செய்கிறேன்; அதுவரை அவன் இப்போதைய வகுப்பிலேயே இருக்க வேண்டுகிறேன். இவ்வளவு போதும். மலாயில் எழுதித் தர உங்கள் பிள்ளைகளில் மூத்தவரோ, தோட்டத்தில் படித்த இளைஞர் ஒருவரோ உதவலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோபத்தில் எல்லாவற்றையும் வேண்டாமென்று தள்ளிவிடாதீர்கள். வாசிப்பு வராத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதில் பள்ளி சொன்னது சரிதான்; அவர்கள் போன வழிதான் தவறு. ஓகேயூ பதிவு சமூகநல இலாகாவில் செய்யப்படுவது. அது கட்டாயமன்று, விரும்பினால் செய்வது. முறையான பரிசோதனைக்குப் பிறகு உண்மையிலேயே தேவையென்று தெரிந்தால் அந்த அட்டை சில கதவுகளைத் திறக்கும். சிறப்புக் கல்வி வகுப்பும் தண்டனை வகுப்பு அன்று. 2013-ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிமுறைகள் மூன்று மாதத்துக்கு மிகாத ஒரு பரீட்சார்த்தக் காலத்தை வைத்திருக்கின்றன, அந்த வகுப்பு பிள்ளைக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதற்காகவே. அப்படியொரு காலம் உண்டென்று உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டதும் சம்மதம் முழுமையாகாததற்கு ஓர் அடையாளம்.

ஆலோசக ஆசிரியரிடம் சொன்னது கோயில் கூட்டத்துக்குப் போனது பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. ஒரு பெண் தன் கணவனின் குடியைப் பற்றி வெளியாளிடம் வாய் திறக்க எத்தனை நாள் எடுக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆலோசனை அறையில் சொன்னதை வெளியே கொண்டுபோகச் சில சந்தர்ப்பங்களில் மட்டும் எங்களுக்கு இடமுண்டு: சொல்பவர் தம் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ தீங்கு செய்யக்கூடும் என்ற உண்மையான ஆபத்து, ஒரு குழந்தை வதைபடுகிறது என்ற நியாயமான ஐயம், நீதிமன்றத்தின் கட்டளை. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976-இல் டராசாஃப் வழக்கில் கொடுத்த தீர்ப்பு உலகெங்கும் எங்கள் பயிற்சியில் சொல்லித்தரப்படுகிறது. ஒரு மாணவியைக் கொல்லப்போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் ஓர் இளைஞன் சொன்னான், அவளுக்கோ அவள் வீட்டாருக்கோ யாரும் எச்சரிக்கை தரவில்லை, அவள் கொல்லப்பட்டாள். அப்படிப்பட்ட நிலைக்குத்தான் விலக்கு. ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போது பேசுவதற்கு எந்த விலக்கும் இல்லை. இந்த வரம்புகளை நீங்கள் முதல் சொல்லைச் சொல்வதற்கு முன்பே அவர் உங்களிடம் கூறியிருக்க வேண்டும். அப்போது எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று நீங்கள் தீர்மானித்திருப்பீர்கள்.

ஆனாலும், அந்தப் பேச்சு அவரிடமிருந்துதான் போனது என்று இன்னும் உங்களுக்கு உறுதியில்லை. வரிசை வீடுகளில் சுவர் மெல்லியது. முதலில் அவரை நேரில் சந்தித்து, "நான் உங்களிடம் சொன்னதை யாரிடமாவது பேசினீர்களா, குறிப்பில் எழுதினீர்களா, அந்தக் குறிப்பை யார் பார்க்க முடியும்?" என்று கேளுங்கள். விடை திருப்தியாக இல்லையென்றால் தலைமையாசிரியர், அதற்குப் பிறகு மாவட்டக் கல்வி அலுவலகம். அவர் பதிவு பெற்ற ஆலோசகராயின் வாரியத்துக்கும் புகார் எழுதலாம். ஆசிரியர்தாம் ஆலோசகரும் என்ற இரட்டை வேடம் இந்தச் சிக்கலில் பாதிக்குக் காரணம் என்பது என் எண்ணம்: காலையில் பிள்ளைக்குப் புள்ளி போடுகிறவர், மாலையில் கோயில் செயலவையில் உங்கள் மூத்தாரோடு உட்காருகிறவர், நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் எல்லாவற்றையும் மறந்த காதுகளாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சிறிய ஊரில் இதைத் தவிர்ப்பது கடினம். கடினம் என்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டும். கணவரின் குடியைப் பற்றி வேறு ஆளிடம் பேச விரும்பினால் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அடிதடி இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

மகனின் கேள்விதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது. நீங்கள் அதை ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்காகச் சம்மதம் தருவது பெற்றோர்தான். ஆனால் பிள்ளைக்கும் அவன் வயதுக்கேற்ப விஷயத்தைச் சொல்லி அவன் இசைவையும் கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழிலறம். குழந்தை உரிமைகள் ஒப்பந்தத்தில் மலேசியா 1995-இல் சேர்ந்தது. அதன் பன்னிரண்டாம் விதி, பிள்ளையைப் பாதிக்கும் காரியங்களில் பிள்ளையின் கருத்துக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் மகனை வகுப்பிலிருந்து கூப்பிட்டு, தெரியாதவர் முன் உட்காரவைத்து, புரியாத மொழியில் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வயதுக்கு அதிலிருந்து என்ன முடிவுக்கு வரத் தோன்றுமோ அந்த முடிவுக்கு அவன் வந்திருக்கிறான். அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: அந்த மாமாவுக்குத் தமிழ் தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம், உனக்கு வாசிப்பு ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னொரு டாக்டரிடம் போகப் போகிறோம், அங்கே கேட்பது புரியாவிட்டால் "புரியலை" என்று சொல்லலாம், களைப்பாக இருந்தால் நிறுத்தச் சொல்லலாம். "நீ போடோ இல்லைடா" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால், அந்தச் சொல்லே அவன் மனத்தில் தங்கிவிடும்.

அந்த இன்னொரு டாக்டரிடம் போகும் வழி எளிது. பட்டணத்து அரசாங்க மருந்தகத்தில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருத்துவரைப் பார்த்து, கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தவணை கிடைக்க நாளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். உறவினர் யாராவது, "தஞ்சோங் ரம்புத்தானுக்கா கூட்டிப் போறீங்க?" என்று சிரித்தால், 1911-இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனை இன்றும் நல்ல வேலை செய்கிறது, ஆனால் இவன் போகப்போவது அங்கில்லை என்று சொல்லிவிடுங்கள். போகும்போது பழைய பயிற்சிப் புத்தகங்கள் இரண்டு மூன்று, குழந்தையாக இருந்தபோது மருந்தகத்தில் கொடுத்த உடல்நலப் பதிவுப் புத்தகம் இருந்தால் அது, அவன் வரைந்த படம் ஏதாவது இருந்தால் அதுவும் கொண்டுபோங்கள். தமிழில் சோதிக்க முடியுமா என்று தவணை எடுக்கும்போதே கேளுங்கள். முடியாதென்றால் சொல் சார்ந்த பகுதியைக் குறைத்து, படமும் வடிவமும் கொண்ட பகுதிகளை வைத்து மதிப்பிட முடியுமா, மொழியின் குறையை அறிக்கையில் எழுதுவார்களா என்று கேளுங்கள்.

உங்கள் மூத்தார் சொல்வதில் அக்கறை இருக்கிறது. இன்னும் மூன்று ஆண்டு அந்தப் பள்ளியில்தான் பிள்ளை படிக்க வேண்டும். முடிந்தால் அவரையே தலைமையாசிரியரைப் பார்க்கும் நாளில் உடன் அழைத்துச் செல்லுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பேச்சு சூடாகாது. நீங்கள் கேட்பது என்ன, கேட்காதது என்ன என்பதும் அவருக்கே தெரிந்துவிடும்.

கடிதத்தை அச்சிடலாம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இருந்தாலும் தொலைபேசியில் அழைத்து, எந்தெந்த வரிகள் வரும் என்று படித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறேன். நீங்கள் சொன்னபடி உங்களை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். இணைத்திருந்த அறிக்கை நகலை நான் பிரதி எடுக்கவில்லை. உறையில் இட்டு ஒட்டி, பதிவுத் தபாலில் உங்கள் தொழிற்சாலை முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டு முகவரி வேண்டாமென்று நீங்கள் கேட்டுக்கொண்டபடி.